முதலில் ஏறியவரே குளிரில் முடங்கினார்: மோன் வாந்தூ மலைச் சாலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

என்ன நடந்தது

தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் இருக்கும் மோன் வாந்தூ மலையில், அக்டோபர் முதல் வாரத்தில், வெயில் நன்றாகக் காய்ந்த ஒரு பகலில், எங்கள் ஐந்து பேர் சைக்கிள் குழுவிலேயே மிக வேகமாக மலையேறக்கூடியவர் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும் வழியில் பிரேக் பிடிக்க விரல் மடங்காத அளவுக்குக் குளிரில் விறைத்துப்போனார். உயிருக்கு ஆபத்து வரவில்லை, எலும்பும் முறியவில்லை. ஆனால் ஓரிரு இடங்களில் எடுத்த முடிவு கொஞ்சம் மாறியிருந்தாலும் விளைவு இப்படி இருந்திருக்காது, அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். மத்தியதரைக்கடல் பக்கத்து மலை என்றதும் வெயில், லாவெண்டர் வயல், திராட்சைத் தோட்டம் என்று நினைத்துக்கொண்டு மெல்லிய ஜெர்சியோடு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஆட்களும் திட்டமும்

ஐந்து பேரும் ஒரே கிளப். குழுவை நடத்தியவர் 58 வயது மூத்தவர், இந்த மலையைப் பல பருவங்களில் ஏறிப் பழகியவர். அடுத்தவர் ஒரு செவிலியர். அந்த அம்மா நிதானமாகத்தான் ஏறுவார், ஆனால் வழியில் எங்கேயும் நிறுத்தமாட்டார். இருபதுகளில் இருக்கும் இளைஞர் ஒருவர், அப்புறம் நான். ஐந்தாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: 44 வயது, 57 கிலோ, உடம்பில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஏற்றத்தில் அவர் பின்னால் யாரும் ஒட்டிக்கொள்ள முடியாது. இனி அவரை மெலிந்தவர் என்றே சொல்கிறேன்.

மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் பெதுவான் ஊரில் தங்கியிருந்தோம். அங்கிருந்து உச்சிக்கு ஏறி, வடக்குப் பக்கம் மலோசேன் ஊருக்கு இறங்கி, அங்கே சாப்பிட்டுவிட்டு, இடையில் இருக்கும் சின்ன மேட்டைத் தாண்டி பெதுவானுக்கே திரும்பிவிடுவது திட்டம். வழித்துணைக்குக் கார் எதுவும் இல்லை. அவரவர்க்கு வேண்டியதை அவரவர் ஜெர்சிப் பையில் எடுத்துவர வேண்டும் என்பது பேச்சு.

மலையும் காற்றும்

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

மோன் வாந்தூ 1,910 மீட்டர். அக்கம்பக்கத்தில் அதற்கு இணையான உயரம் எதுவும் இல்லாமல் ஒற்றையாக நிற்கிற மலை. மேலே மரம் கிடையாது, வெளுத்த சுண்ணாம்புக்கல் சரளைதான், தூரத்திலிருந்து பார்த்தால் வருஷம் முழுக்கப் பனி மூடியது போலத் தெரியும். பெதுவானிலிருந்து உச்சி வரை 21 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, ஏறும் உயரம் சுமார் 1,600 மீட்டர். முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சுலபமான ஏற்றம். சேன் எஸ்தேவ் வளைவு தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைகிறது, அங்கிருந்து கிட்டத்தட்ட 9 சதவீதச் சரிவு, மூச்சு விட இடம் தராது. காடு முடிகிற இடத்தில் 1,417 மீட்டர் உயரத்தில் ஷாலே ரேனார். சோ ஊரிலிருந்து வரும் சாலையும் அங்கேதான் வந்து சேர்கிறது. ஓர் உணவகம், கார் நிறுத்துமிடம், அதற்கு மேல் 6 கிலோமீட்டர் மொட்டைக் கல்.

மலையின் முகடு கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. மிஸ்ட்ரல் என்ற காற்று வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாக வருவது. ஒரு பக்கம் ஆல்ப்ஸ், மறுபக்கம் மாசிஃப் சென்ட்ரல் மேட்டுநிலம், நடுவில் குறுகலான வழி, அதில் நெருக்கப்பட்டு வேகம் பிடித்துத் தெற்கே பாய்கிறது. இந்தக் காற்று வீசும் நாளில் பெரும்பாலும் வானம் துடைத்துவிட்டாற்போல நீலமாக இருக்கும். மேகம் இல்லை, மழை இல்லை, வெயில் பளிச்சென்று அடிக்கும். அத்தோடு பெதுவான் பக்கம் மலையின் தெற்கு முதுகு என்பதால், ஊரிலும் காட்டுக்குள்ளும் மலையே காற்றை மறைத்துக்கொள்கிறது. கீழே இருக்கிறவருக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

2016 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், ஜூலை 14 அன்று, உச்சியில் முடிய வேண்டிய கட்டத்தை இந்தக் காற்றுக்காகத்தான் ஷாலே ரேனாரிலேயே முடித்தார்கள். பந்தயத்தில் முன்னணியில் இருந்த கிறிஸ் ஃப்ரூம் விபத்தில் சைக்கிள் உடைந்து, சைக்கிள் இல்லாமல் காலால் ஓடியது அன்றைக்குத்தான். கூட்டம் முழுக்கக் கீழே நெருங்கியடித்து, மோட்டார்சைக்கிள் நகர இடமில்லாமல் நின்றதில் வந்த விபத்து அது. நடு ஜூலையில், உலகத்தின் தலைசிறந்த ஓட்டிகளுக்கே அந்த 6 கிலோமீட்டர் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆனால் இந்த மலை என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1967 ஜூலை 13, அதே பந்தயத்தில் பிரிட்டிஷ் ஓட்டி டாம் சிம்ப்சன் கடும் வெயிலில் விழுந்து இறந்த நாள். அதனால் வெயிலுக்குப் பயந்து தண்ணீர் இரண்டு பாட்டிலாக எடுத்துக்கொள்கிறார்கள், ஜாக்கெட்டை அறையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

காலையில் பார்த்தது

காலை பத்து மணிக்குப் பெதுவானில் 17 டிகிரி. தெருவோர பிளேன் மரங்களில் இலை அசையவில்லை. வானிலை முன்னறிவிப்பில் தெளிவான வானம், வடக்குக் காற்று, உச்சியில் வீச்சு, அதாவது திடீர் திடீரென்று ஓங்கி அடிக்கும் காற்று, மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் என்று இருந்தது. மூத்தவர் இதைக் காலைச் சாப்பாட்டின்போதே சொன்னார். எல்லோரும் கேட்டோம். கேட்டுவிட்டு ஜன்னல் வழியாக அந்த அசையாத மரங்களைப் பார்த்தோம்.

உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பம் சுமாராக 0.65 டிகிரி குறையும். 1,600 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும், அதாவது உச்சியில் 6, 7 டிகிரி. அந்த வெப்பநிலையில் 70 கிலோமீட்டர் காற்று வீசினால் வெறும் தோல் உணர்வது பூஜ்யத்தை ஒட்டி. அதுவும் காய்ந்த தோலுக்கான கணக்கு, வியர்வையில் நனைந்த துணி உடம்பில் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம்.

மெலிந்தவர் போட்டிருந்தது குட்டைக்கை ஜெர்சி, மணிக்கட்டு வரை கையை மூடும் மெல்லிய கை உறைகள். பின்பையில் கையில்லாத காற்றுத்தடுப்பு ஒன்று, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். முழு ஜாக்கெட் அறையில் நாற்காலி மேல் கிடந்தது. அன்று தன் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை, 150 கிராம் கூட அநாவசியம் என்று நினைத்தார். அவருடைய சைக்கிளும் அப்படித்தான்: மிக லேசானது, கேபிள் இழுத்துச் சக்கர விளிம்பைக் கவ்வும் பழைய வகை ரிம் பிரேக்.

காட்டு வழி

பத்தரைக்குக் கிளம்பினோம். சேன் எஸ்தேவ் வளைவிலேயே மெலிந்தவர் கண்ணில் படாமல் போய்விட்டார். அது வழக்கம்தான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காட்டுக்குள் காற்றே இல்லை. 9 சதவீத ஏற்றத்தில் மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உடம்பைத் தடவிப்போகக் காற்று கிடைக்காது, வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். பெடலில் 220 வாட் கொடுக்கிற ஒருவருடைய உடம்பு அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வெப்பமாக வெளியே தள்ளுகிறது, 700, 800 வாட். அதே ஆள் உச்சியில் திரும்பி இறக்கத்தில் காலை நிறுத்தியதும் அந்த அடுப்பு அணைந்துவிடும். அதே நேரத்தில் எதிர்க்காற்று 50 கிலோமீட்டர் வேகத்தில் ஈர ஜெர்சிக்குள் புகும். மலைச் சாலையில் ஏற்றத்தை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்.

மெலிந்தவர் ஷாலே ரேனாரை ஒன்றேகால் மணி நேரத்தில் எட்டிவிட்டார். நாங்கள் மற்றவர்கள் போய்ச் சேர இன்னும் 25 நிமிடம் ஆயிற்று. இந்த 25 நிமிடமும் அவர் உணவகத்தின் வெளிச்சுவரில் சாய்ந்து, நனைந்த ஜெர்சியோடு, எங்கள் வரவை எதிர்பார்த்துச் சாலையைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். உள்ளே போகவில்லை, சைக்கிளை விட்டுவிட்டுப் போக மனமில்லை என்றார். கிளம்பியதிலிருந்து அதுவரை சாப்பிட்டது சர்க்கரைக் கூழ் போன்ற ஒரு ஜெல், பாதி வாழைப்பழம்.

நாங்கள் ஒவ்வொருவராக வந்தபோது எல்லோர் கவனமும் கடைசியாக வந்த செவிலியர் மேல்தான். தண்ணீர் வேண்டுமா, கால் பிடிக்கிறதா, தொடர முடியுமா என்று மூன்று பேர் கேட்டோம். முகம் சிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவர்தான் எங்களில் மிக நல்ல நிலையில் இருந்தார்: முழு ஜாக்கெட், உலர்ந்த உள்சட்டை ஒன்று பிளாஸ்டிக் பையில், ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தார். உதடு வெளுத்து, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்ற மெலிந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலில் வந்தவர், பலசாலி, அவருக்கு என்ன என்ற நினைப்பு எல்லாக் குழுக்களிலும் இருக்கிறது. எந்த நிகழ்வைப் பற்றிப் பேசினாலும் பின்தங்குகிறவரைத்தான் பேசுகிறோம். முதலில் வருகிறவர்தான் அதிகம் வியர்க்கிறார், அதிக நேரம் நின்று காத்திருக்கிறார், பெரும்பாலும் அவர்தான் குறைந்த துணியோடும் வந்திருப்பார்.

ஷாலே ரேனாரில் எடுத்த முடிவு

மேலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர், முகட்டை ஒட்டிய கடைசி வளைவுகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தோம் என்றார்கள். மூத்தவர் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். இளைஞரும் மெலிந்தவரும் உச்சி வேண்டும் என்றார்கள். செவிலியர் எப்படியானாலும் சரி என்றார்.

பேசி முடித்தபோது மூன்று விஷயம் முடிவானது. ஒன்று, மலோசேன் பக்கம் இறங்கும் திட்டம் ரத்து. அது வடக்குச் சரிவு, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும், ஏதாவது ஆனால் தங்கியிருக்கும் ஊரும் மலைக்கு அந்தப் பக்கம். இது மிகச் சரியான முடிவு, இப்போதும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. இரண்டு, சிம்ப்சன் நினைவுக்கல் வரை எல்லோரும் ஒன்றாகப் போவது. மூன்று, காற்று தள்ளி யாராவது ஒருவர் காலை ஊன்ற நேர்ந்தாலும் அந்த இடத்திலேயே எல்லோரும் திரும்புவது.

கிளம்பும் முன் மூத்தவர் பொதுவாக ஒரு கேள்வி கேட்டார்: எல்லோரிடமும் ஜாக்கெட் இருக்கிறதா? ஐந்து பேரும் தலையாட்டினோம். மெலிந்தவர் தன் பையில் இருந்த கையில்லாத துணியை மனதில் வைத்துத் தலையாட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்வி அப்படி.

நினைவுக்கல் அருகே

முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது, மலைமுதுகு காற்றை மறைத்தது. பிறகு சாலை திறந்த வளைவுகளுக்கு வந்ததும் வீச்சுகள் மேலிருந்து விழ ஆரம்பித்தன. தொடர்ந்து அடித்தால் சாய்ந்து ஓட்டிவிடலாம், இது அப்படியில்லை. ஐந்து நொடி ஒன்றும் இருக்காது, அடுத்த நொடி தோளில் கை வைத்துத் தள்ளியது போல இருக்கும். இளைஞருடைய சக்கரங்கள் உயரமான ரிம் வகை, பக்கக்காற்று அதில் நன்றாகப் பிடிக்கும், அவருக்கு முன்சக்கரம் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு முழம் நகர்ந்தது.

நினைவுக்கல் உச்சிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கீழே, ஏறும்போது வலது பக்கம். வருகிறவர்கள் பாட்டில், தொப்பி என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். அன்று அந்தப் பாட்டில்களில் ஒன்று படியிலிருந்து உருண்டு சாலையைக் கடந்து பள்ளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்துக்குச் சற்று முன்னால் செவிலியர் காலை ஊன்றிவிட்டார். பேசிவைத்தபடி எல்லோரும் திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, உச்சியின் சிவப்பு வெள்ளைக் கோபுரம் கண்ணுக்கு நேரே தெரிகிறது என்று மெலிந்தவர் பிடிவாதமாக நின்றார். மூத்தவர் வாதாடிப் பார்த்தார். அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்ததும், தனியாக அனுப்ப முடியாது என்று சொல்லி இளைஞரைக் கூட அனுப்பினார். உச்சியைத் தொட்டதும் நிற்காமல் திரும்ப வேண்டும் என்றும் சொன்னார். மீதி மூன்று பேரும் அங்கேயே காத்திருக்காமல் ஷாலேவுக்கு இறங்கினோம். அந்த உயரத்தில் ஈரத் துணியோடு அரைமணி நின்றால் காப்பாற்ற வேண்டியவர் ஒருவர் என்பது நான்காகிவிடும் என்பது மூத்தவர் சொன்ன காரணம்.

அரைமணி நேரத்துக்கு முன்னால் போட்ட விதி முதல் சோதனையிலேயே தளர்ந்ததுதான் இந்த நிகழ்வின் திருப்பம் என்று நினைக்கிறேன். விதியைப் போட்டபோது யாருக்கும் குளிரவில்லை, உச்சியும் கண்ணில் படவில்லை. அந்த நிலையில் எடுத்த முடிவுதான் நம்பத்தகுந்தது.

உச்சியும் இறக்கமும்

இந்தப் பகுதி இளைஞர் சொன்னது. கொல் தே தாம்பேத் என்ற முகட்டு வளைவில் இருவரும் இறங்கித் தள்ளினார்கள். உச்சியில் எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை, ஒதுங்க இடமில்லை. உச்சிப் பலகை அருகே படம் எடுக்க மெலிந்தவர் தன் போனை எடுத்தார், விரல் பட்டும் திரை ஏற்கவில்லை, திரும்பத் திரும்ப முயன்றார். அதில் பத்து நிமிடம் போயிற்று. பிறகு பையில் இருந்த காற்றுத்தடுப்பை மாட்டிக்கொண்டார், ஆனால் ஜிப்பை மேலே இழுக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கையின் அடிப்பகுதியாலும் ஜிப்பின் நுனியை நெருக்கிப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார், அதுவும் நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. இளைஞர் போட்டுவிட்டார். மெலிந்தவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, வழக்கமாகக் கலகலவென்று பேசுகிற ஆள். முதல் அறிகுறி அதுதான் என்று செவிலியர் பிறகு சொன்னார். விரல் சொன்னபடி கேட்காமல் போவது, பேச்சு குறைவது, கால் தடுமாறுவது எல்லாம் உடல் சூடு இறங்குவதன் ஆரம்பம்.

இறங்கும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிரான்சில் சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஏறும்போது வலது பக்கம் மலைச்சுவர், இறங்கும்போது வலது பக்கம் பள்ளம். வடக்குக் காற்று இடமிருந்து அடித்து, ஓட்டுகிறவரைப் பள்ளத்துப் பக்கமே தள்ளும். அந்த நிலையில் மெலிந்தவருடைய கைநடுக்கம் ஹேண்டில்பாருக்கு ஏறி, முன்சக்கரம் இடமும் வலமுமாக வேகமாக உதற ஆரம்பித்தது. குளிர் நடுக்கத்தால் சைக்கிள் உதறுவது இறக்கங்களில் தெரிந்த விஷயம்தான். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, இரண்டு முழங்காலாலும் ஃபிரேமின் மேல்குழாயைக் கவ்விக்கொண்டு, சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் தூக்கி, மெதுவாக வேகத்தைக் குறைக்க வேண்டும். அவருக்கு அது தெரியும், செய்தார், உதறல் நின்றது. ஆனால் வேகத்தைக் குறைக்க பிரேக்கை இழுத்தபோது விரல்கள் லீவரில் சும்மா கிடந்தன. மணிக்கட்டையே மடக்கி, கை முழுவதையும் பின்னால் இழுத்து, எப்படியோ ஷாலேவுக்கு இரண்டு கிலோமீட்டர் மேலே மலைச்சுவர் ஓரம் நிறுத்தினார். பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகைக் காலணியைக் கழற்ற முடியாமல், நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். மணி 1.50.

சாலையோரம்

இளைஞர் அங்கே நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கது. இனி ஓட்டக் கூடாது என்று உடனே முடிவெடுத்தார். மலைச்சுவரில் உள்வாங்கிய இடம் பார்த்து, காற்றுக்கு முதுகு காட்டி அவரை உட்கார வைத்தார், சரளை மேல் நேராக அல்ல, தன் பையை மடித்துப் போட்டு அதன் மேல். தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவரும் விழுந்திருப்பார். கூடுதலாக வைத்திருந்த உலர்ந்த கழுத்துத்துணியை அவர் தலையில் ஹெல்மெட்டுக்கு அடியில் சுற்றினார். பிறகு மூத்தவருக்குப் போன் செய்தார்.

நடந்து இறங்கலாமா என்ற கேள்வி வந்தது. நடந்தால் உடம்பு கொஞ்சம் சூடு உண்டாக்கும், ஆனால் வழுக்கும் காலணியோடு, தடுமாறுகிற ஒருவரை, பள்ளம் ஓரத்தில், அந்தக் காற்றில் இரண்டு கிலோமீட்டர் நடத்துவது சரியில்லை என்று விட்டார்கள். அவசர உதவி எண் 112-ஐ அழைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. செவிலியர் போனில் இளைஞரிடம் மூன்று விஷயம் கேட்டார்: நடுங்குகிறாரா, கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்கிறாரா, தூங்கப் பார்க்கிறாரா? பல் கிட்டித்துப்போகும் அளவுக்கு நடுங்கினார், தான் எங்கே இருக்கிறோம் என்று தெளிவாகச் சொன்னார், தூக்கக் கலக்கம் இல்லை. பலமான நடுக்கம் இருப்பது உடம்பு இன்னும் போராடுகிறது என்பதற்கு அடையாளம். நடுக்கம் நின்று, பேச்சு குழறினால் உடனே 112, யாரையும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவைத்தார். அதற்குள் ஷாலே வாகன நிறுத்தத்தில் இருந்த ஒரு தம்பதியிடம் மூத்தவர் பேசி, அவர்களுடைய கேம்பர் வேனில் மேலே போய், இருவரையும் சைக்கிள்களோடு ஏற்றிவந்தார். முன்பின் தெரியாதவர்கள், கேட்ட உடனே சாவியை எடுத்தார்கள்.

உள்ளே செய்ததும் செய்யாததும்

ஷாலே உணவகத்துக்குள் செவிலியர் சொன்னபடி செய்தோம். முதல் வேலை ஈரத்துணி முழுவதையும் கழற்றுவது, உலர்ந்த சட்டையும் போர்வையும் போட்டுத் தலையையும் மூடுவது. பிறகு சர்க்கரை அதிகம் போட்ட சூடான சாக்லேட், கொஞ்சம் கொஞ்சமாக. அவர் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருந்ததால் நான் பிடித்துக்கொண்டேன். ரொட்டி, ஜாம். நடுங்குவதற்கும் உடம்புக்கு எரிபொருள் வேண்டும், ஒரு ஜெல்லிலும் பாதி வாழைப்பழத்திலும் மலையேறிய உடம்பில் அது மிச்சமில்லை.

செய்யாதவையும் முக்கியம். கை கால்களைத் தேய்க்கவில்லை, நெருப்புக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார வைக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு சின்னக் கிளாஸ் மது நீட்டினார், நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கும், சூடாக இருப்பது போல ஓர் உணர்வு வரும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும்.

உடல் வெப்பத்தை அளக்க எங்களிடம் கருவி இல்லை, அதனால் இது எந்த அளவு என்று எண்ணில் சொல்ல முடியாது. அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் ஹைப்போதெர்மியாவின், அதாவது உடல் சூடு அளவுக்கு மீறி இறங்குவதன், லேசான நிலை என்பது செவிலியர் கருத்து. நடுக்கம் அடங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அடங்கியதும் மெலிந்தவர் எழுந்து, இப்போது சரியாகிவிட்டது, நான் ஓட்டியே இறங்குகிறேன் என்றார். இதற்கு மூத்தவர் இடம் கொடுக்கவில்லை, இந்த முறை யாரும் விவாதிக்கவும் இல்லை. பெதுவான் வரை 15 கிலோமீட்டர் இறக்கம், பெரும்பகுதி செங்குத்து, மாலை நிழல் விழுந்த காடு, தீர்ந்துபோன உடம்பு, கேபிள் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்க வேண்டிய விரல்கள். அதே தம்பதி அவரையும் செவிலியரையும் ஊர்வரை கொண்டுபோய் விட்டார்கள். மற்ற மூன்று பேரும் வாங்கக் கிடைத்த செய்தித்தாளை மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு, மூத்தவர் முன்னால் போக, அவர் வேகத்துக்கு மேல் போகாமல் இறங்கினோம். காட்டுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது. சேன் எஸ்தேவ் வளைவில் ஒருமுறை நிறுத்தி விரல்களை மடக்கி நீட்டினோம்.

பிறகு

அன்று மாலையே ஊர் மருத்துவர் பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். விரல் நுனிகளில் மரத்த உணர்வு சில நாள் இருந்து போனது. சாய்ந்து விழுந்ததில் இடுப்பில் சிராய்ப்பு. மெலிந்தவர் உச்சியிலிருந்து இறங்கிய முதல் கிலோமீட்டர் பற்றித் தனக்குக் கொஞ்சம்கூட நினைவில்லை என்று இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். அதைக் கேட்டபோது எங்களுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பிரேக் பிடிக்க முடியாததை அவர் சொன்னபோதுகூட அவ்வளவு பயம் வரவில்லை.

எதை மாற்றினோம்

ஜாக்கெட் இருக்கிறதா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கிளம்பும் இடத்தில் ஒவ்வொருவரும் பையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும்: முழுக்கை ஜாக்கெட், முழுவிரல் கையுறை, பிளாஸ்டிக் பையில் உலர்ந்த உள்சட்டை. வானம் எப்படி இருந்தாலும், ஆகஸ்ட் மாதமே ஆனாலும். இல்லாதவர் ஷாலே போன்ற கடைசி ஒதுங்குமிடம் வரைதான்.

முதலில் போய்ச் சேருகிறவர் கட்டிடத்துக்குள் போய் உள்சட்டையை மாற்றி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, உள்ளேயே காத்திருக்க வேண்டும். சைக்கிளைப் பூட்ட மெல்லிய பூட்டு ஒன்று குழுவில் எப்போதும் அவர் கையில் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான்.

காற்றைப் பொறுத்தவரை ஊரில் மரம் ஆடுகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டோம். உச்சிக்கான முன்னறிவிப்பில் வீச்சு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் அன்றைக்கு ஷாலே ரேனார்தான் எங்களுக்கு உச்சி. இந்த எண் எங்கள் குழு தனக்கு வைத்துக்கொண்ட வரம்பு, வேறு குழுவுக்கு வேறாக இருக்கலாம். ஆனால் ஏதோ ஓர் எண் கீழேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், மேலே போய்ப் பேசித் தீர்மானிக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை. நினைவுக்கல் அருகே மூத்தவர் இளைஞரைக் கூட அனுப்பியது தவறு, எல்லோரும் திரும்பியிருந்தால் மெலிந்தவரும் வேறு வழியில்லாமல் திரும்பியிருப்பார் என்கிறார் செவிலியர். அவர் எப்படியும் போயிருப்பார், தனியாகப் போயிருந்தால் அந்த மலைச்சுவர் ஓரத்தில் போன் செய்ய ஆள் இருந்திருக்காது என்கிறார் இளைஞர். நான் இளைஞர் பக்கம். மெலிந்தவரையே கேட்டோம். அன்றைக்கு இருந்த மனநிலையில் நிச்சயம் தனியாகப் போயிருப்பேன் என்றார்.